தூக்கப் பரிசோதனை: அந்த ஒரு ராத்திரியில் என்ன நடக்கும்?

(ஈஜிபுராவில் நடந்த நம் உறுப்பினர் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



சர்க்கரை வியாதி, ரத்த அழுத்தம், மூட்டு வலி என்று இந்த மேடையில் டாக்டர்கள் பலர் பேசிவிட்டார்கள். நான் டாக்டர் இல்லை. இதே பெங்களூரில் 26 வருஷம் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவன். அதில் பாதிக்கு மேல் தூக்க ஆய்வகத்தில் ராத்திரி டியூட்டி. ஊரார் தூங்குவதை விடிய விடிய உட்கார்ந்து பார்ப்பதற்கு சம்பளம் வாங்கினவன். அதனால் வியாதியைப் பற்றி டாக்டர்கள் சொல்லட்டும். அந்த ஒரு ராத்திரியில் உங்களுக்கு என்ன செய்வார்கள், என்ன செய்யமாட்டார்கள் என்பதை நான் சொல்கிறேன். டாக்டர் எழுதிக்கொடுத்த பிறகும் இந்தப் பரிசோதனைக்குப் போகாமல் தள்ளிப்போடுகிறவர்கள் நம்மில் அதிகம். காரணம் பயம், கூச்சம், பிறகு கொஞ்சம் தப்பு அபிப்பிராயம்.

முதலில் குறட்டை விஷயம். "அவர் நன்னா குறட்டை விட்டுண்டு தூங்கறார், எழுப்பாதே" என்று சொல்லும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. குறட்டை என்றால் ஆழ்ந்த தூக்கம் என்ற எண்ணம். ஆண்டாள் திருப்பாவையின் பத்தாவது பாசுரத்தில் கும்பகர்ணனை வைத்துக் கேலி செய்ததிலிருந்து நமக்கு இது பழகிப்போன ஹாஸ்யம். ஆனால் பலத்த குறட்டை, நடுவில் திடீரென்று நிசப்தம், பத்து இருபது விநாடி கழித்து ஒரு திணறலுடன் மறுபடி மூச்சு என்றிருந்தால், அது தூக்கம் இல்லை. நாக்கின் அடிப்பகுதியும் தொண்டைச் சதையும் தளர்ந்து மூச்சுப் பாதையை அடைத்துக்கொள்கின்றன. மார்பும் வயிறும் மூச்சுக்காகப் போராடுகின்றன, காற்று போவதில்லை. ரத்தத்தில் பிராணவாயு இறங்குகிறது. மூளை அபாயமணி அடித்து அரை விழிப்பு கொடுக்கிறது. இது ஒரு ராத்திரியில் நூறு தடவை, இருநூறு தடவை நடக்கலாம். காலையில் அவருக்கு ஒன்றும் ஞாபகம் இருக்காது. தலைவலி, எரிச்சல், ஹிந்து பேப்பரைக் கையில் எடுத்தவுடன் தூக்கம், இவைதான் மிச்சம். வருஷக்கணக்கில் கவனிக்காமல் விட்டால் ரத்த அழுத்தம், இருதயம், பக்கவாதம் என்று கணக்கு ஏறுகிறது.

2022 பிப்ரவரியில் ஹிந்தி இசையமைப்பாளர் பப்பி லஹிரி மும்பையில் காலமானபோது, காரணமாக மருத்துவர்கள் சொன்னது இந்த மூச்சடைப்பைத்தான். அவருக்கு வயது 69. இந்தியாவில் செய்த பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த தில்லி எய்ம்ஸ் மருத்துவர்கள், வேலை செய்யும் வயதில் இருப்பவர்களில் சுமார் பத்துக் கோடிப் பேருக்கு இது இருக்கலாம் என்று 2023-ல் கணக்குச் சொன்னார்கள். குண்டானவர்களுக்கு மட்டும்தான் வரும் என்பதும் சரியில்லை. தாடை சிறியதாகவும் கழுத்து குட்டையாகவும் இருக்கும் ஒல்லியான ஆட்களையும் நான் நிறையப் பார்த்திருக்கிறேன். சட்டைக் காலர் 16 இஞ்சுக்கு மேல் வாங்குகிறவர்கள் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருக்கவேண்டும்.

இந்த வியாதியை முதலில் கண்டுபிடிப்பது டாக்டர் இல்லை, பக்கத்தில் படுத்திருக்கும் மனுஷிதான். மூச்சு நிற்பதைப் பார்த்து, பயந்து, முழங்கையால் இடித்து எழுப்புகிற மாமிகள் இங்கேயும் இருப்பீர்கள். செல்போனில் இரண்டு நிமிஷம் வீடியோ எடுத்து டாக்டரிடம் காட்டுங்கள். அரை மணி நேரம் விவரிப்பதைவிட அது மேல். மாமிகளுக்கு இது வந்தால்தான் கஷ்டம். மாமா முதலில் தூங்கிவிடுவார், பார்ப்பதற்கு ஆள் கிடையாது. மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கும் இது கணிசமாக வருகிறது. "களைப்பா இருக்கு, ராத்திரி சரியா தூக்கம் வரலை" என்று சொன்னால், கவலை, வயசு என்று மாத்திரை எழுதி அனுப்பிவிடுவதும் நடக்கிறது.

சரி, பரிசோதனைக்கு வருகிறேன். அதற்குப் பெயர் பாலிசோம்னோகிராஃபி. வாயில் நுழையாவிட்டால் ஸ்லீப் ஸ்டடி என்று சொன்னால் போதும், எல்லா ஆஸ்பத்திரியிலும் புரியும். நம் ஈஜிபுராவிலிருந்து ஆடுகோடி வழியாக ஓசூர் ரோடு போனால் நிம்ஹான்ஸ். அங்கே பல வருஷங்களாகத் தூக்கத்தைப் பற்றி ஆராய்ச்சியே நடக்கிறது. தனியார் ஆஸ்பத்திரிகள் பலவற்றிலும் இந்த வசதி வந்துவிட்டது.

நிம்ஹான்ஸ் என்றதும் சிலர் முகம் மாறுவதை இங்கிருந்தே பார்க்கிறேன். 1974-ல் பழைய மனநல மருத்துவமனையையும் அகில இந்திய மனநல நிறுவனத்தையும் சேர்த்து உண்டான ஸ்தாபனம் அது. நரம்பு, மூளை சம்பந்தமான எல்லாவற்றுக்கும் தேசம் முழுவதிலிருந்தும் ஜனங்கள் வருகிறார்கள். ஆனாலும் "அங்கே போனதை நாலு பேர் பார்த்தால்?" என்ற தயக்கம் போகவில்லை. எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவர், டாக்டர் எழுதிக்கொடுத்த சீட்டை இரண்டு வருஷம் பீரோவில் வைத்திருந்தார். கடைசியில் ஓசூர் ரோட்டில் பட்டப்பகலில் கார் ஓட்டிக்கொண்டே கண்ணயர்ந்து நடுச்சுவரில் மோதினார். தெய்வாதீனமாகக் கைமுறிவோடு போயிற்று. கட்டுப் பிரித்த வாரமே மனைவி அவரைப் பரிசோதனைக்கு அழைத்து வந்தாள்.

இன்னொரு பயம், "தலையில் ஷாக் கொடுப்பார்களா?" என்பது. தலையில் ஒயர் ஒட்டுவதைப் பார்த்ததும் முக்கால்வாசிப் பேர் கேட்பது இதைத்தான். ஒரு துளி கரண்டும் உங்களுக்குள் போகாது. உங்கள் மூளையிலிருந்து வரும் மிக மெல்லிய மின்னலைகளை வெளியே எடுத்து எழுதிக்கொள்வதுதான் வேலை. டாக்டர் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்பதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். 1920-களில் ஜெர்மனியில் ஹான்ஸ் பெர்கர் மனித மூளையின் அலைகளை முதன்முதலில் பதிவு செய்தார். 1953-ல் சிகாகோவில், தூக்கத்தின் நடுவே கண்விழி வேகமாக ஓடும் கட்டம் ஒன்று உண்டு என்று கண்டுபிடித்தார்கள். கனவுகள் பெரும்பாலும் அப்போதுதான் வருகின்றன. இந்தக் கனவுத் தூக்கத்தைப் பற்றிப் பிறகு ஒரு முக்கியமான விஷயம் சொல்லவேண்டும், மறக்காமல் இருங்கள்.

போகிற அன்று காலை தலைக்கு ஷாம்பூ போட்டுக் குளிக்கவேண்டும். எண்ணெய் கூடவே கூடாது. சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக்கொண்டு அன்று ராத்திரியே பரிசோதனைக்கு வந்து நின்றவர்கள் உண்டு. எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் ஒயர் ஒட்டாது, ஒட்டினாலும் நடு ராத்திரியில் கழன்றுவிடும். விரலில் மருதாணியோ நகப்பாலிஷோ இருந்தால் ஒரு விரலாவது சுத்தமாக இருக்கட்டும். பிராணவாயு பார்க்கிற கிளிப் அங்கேதான் மாட்டுவார்கள். கொரோனா காலத்தில் வீட்டுக்கு வீடு வாங்கினோமே, அதே ஆக்ஸிமீட்டர்தான். மத்தியானத்துக்கு மேல் காபி வேண்டாம். நம்மவர்களுக்கு இதுதான் பெரிய தபஸ், தெரியும். பகல் தூக்கமும் அன்று வேண்டாம். வழக்கமான மாத்திரைகளை வழக்கம்போலப் போட்டுக்கொள்ளுங்கள். தூக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் நீங்களாக நிறுத்தாமல், முன்னாலேயே டாக்டரைக் கேளுங்கள். ராத்திரிச் சாப்பாட்டை வீட்டிலேயே முடித்துக்கொண்டு போகலாம், அல்லது தயிர்சாதம் கையில் எடுத்துக்கொண்டு போகலாம், தடுப்பதில்லை. தலையணை மாறினால் தூக்கம் வராதவர்கள் தலையணையையும் கொண்டு போங்கள்.

ராத்திரி எட்டு மணி வாக்கில் வரச்சொல்வார்கள். அறை ஒரு சாதாரண ஆஸ்பத்திரித் தனி அறை மாதிரிதான் இருக்கும். கட்டில், பாத்ரூம், சுவரில் ஒரு காமிரா. டெக்னீஷியன் பக்கத்து அறையில் கம்ப்யூட்டர் முன்னால் இருப்பார்.

ஒயர் ஒட்டுவதற்கு முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகும். தையற்காரர் போல டேப் வைத்துத் தலையை அளந்து பென்சிலால் புள்ளி வைப்பார்கள். அந்த இடத்தைச் சொரசொரப்பான ஒரு ஜெல்லால் தேய்த்து, பசை வைத்து ஒயரை ஒட்டுவார்கள். கண்ணோரம், தாடை, காதின் பின்புறம், மார்பு, இரண்டு முழங்கால்களுக்குக் கீழே என்று எல்லாம் சேர்த்து இருபதுக்கு மேல் வரும். மூக்கில் ஒரு மெல்லிய குழாய், மூச்சுக் காற்று போய்வருவதைப் பார்க்க. மார்பிலும் வயிற்றிலும் இரண்டு பெல்ட். காற்று நின்றிருக்கும்போது மார்பும் வயிறும் அசைந்துகொண்டிருந்தால் அது தொண்டை அடைப்பு. அவையும் அசையாமல் இருந்தால், மூளையிலிருந்தே மூச்சு விடும் உத்தரவு வரவில்லை என்று அர்த்தம். இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு. ஊசி எங்கேயும் கிடையாது.

நம்மவர்கள் ரகசியமாக என்னிடம் கேட்கும் கேள்விகளை இங்கே பகிரங்கமாகவே சொல்லிவிடுகிறேன். பூணூலைக் கழற்ற வேண்டாம்; மார்பில் ஒட்டும்போது சற்று நகர்த்திக்கொண்டால் போதும். மார்பில் ரோமம் அதிகமானால் இரண்டு இடத்தில் காசளவுக்கு எடுப்பார்கள். குடுமி இருந்தால் அவிழ்த்துவிட்டு, மயிரை விலக்கி ஒட்டுவார்கள், வெட்டமாட்டார்கள். திருமண், விபூதி அழிந்துபோகும், நெற்றியிலும் ஒயர் வருகிறது. திருமாங்கல்யம் அப்படியே இருக்கலாம். வைரத்தோட்டை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள். மூக்குத்தி இருந்தால் சொல்லுங்கள், குழாயை அதற்குத் தகுந்தபடி வைப்பார்கள். பெண்களுக்குப் பெண் டெக்னீஷியன் வேண்டுமென்றால் தேதி வாங்கும்போதே கேட்கவேண்டும், அன்று ராத்திரி வந்து கேட்டால் கிடைக்காது. உடை விஷயத்தில் நம் வேஷ்டிக்கு ஈடே இல்லை. காலில் ஒயர் ஒட்ட அதைவிட சௌகரியமான ஆடையை நான் பார்த்ததில்லை. மாமிகளுக்கு நைட்டி அல்லது சல்வார்.

படுத்தபின் விளக்கை அணைப்பதற்கு முன் ஒரு சின்ன டிரில் உண்டு. ஸ்பீக்கரில் குரல் வரும். கண்ணை மேலே பாருங்கள், கீழே பாருங்கள், இமை கொட்டுங்கள், பல்லைக் கடியுங்கள், கால் கட்டைவிரலை ஆட்டுங்கள், மூச்சைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்கள் என்று. எல்லா ஒயரும் வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்கு. நடு ராத்திரியில் பாத்ரூம் போகவேண்டுமானால் "போகணும்" என்று சத்தமாகச் சொன்னால் போதும். மைக் எப்போதும் திறந்திருக்கும். ஒயர்கள் எல்லாம் ஒரு சின்னப் பெட்டியில் சேர்ந்திருக்கும், அதை மட்டும் கழற்றிக் கழுத்தில் மாட்டிவிடுவார்கள். இதற்காக சாயங்காலமே தண்ணீர் குடிக்காமல் தவிக்க வேண்டியதில்லை. காமிரா இருட்டிலும் பார்க்கும், உண்மைதான். கனவில் கை கால் வீசி அடிக்கிறவர்கள் இருக்கிறார்கள், தூக்கத்தில் எழுந்து உட்காருகிறவர்கள் இருக்கிறார்கள். ஒயரில் வரும் கோடுகளோடு படத்தையும் சேர்த்துப் பார்த்தால்தான் டாக்டருக்கு விஷயம் புரியும். கனவில் அடிப்பது சிலருக்கு பார்க்கின்சன் நோய்க்குப் பல வருஷம் முன்னாலேயே வரும் அறிகுறி என்பதால் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்வதில்லை.

"இத்தனை ஒயரோடு எனக்கு எப்படித் தூக்கம் வரும்? தூக்கமே வராவிட்டால் பணம் வீண்தானே?" இது எல்லோரும் கேட்பது. வீட்டில் தூங்குகிற மாதிரி வராது, வரவேண்டிய அவசியமும் இல்லை. புது இடத்தில் முதல் ராத்திரி தூக்கம் குறைவது எல்லோருக்கும் உள்ளது, ரிப்போர்ட் எழுதுகிறவருக்கும் அது தெரியும். நாலைந்து மணி நேரம் கிடைத்தாலே பெரும்பாலும் போதும். காலையில் "பொட்டுத் தூக்கம் இல்லை" என்று சத்தியம் செய்வார்கள். பதிவில் பார்த்தால் நாலரை மணி நேரம் தூங்கியிருப்பார்கள், குறட்டையோடு! நம் ஈஜிபுராவாசிகளுக்கு இன்னொரு சௌகரியம். 2017-ல் ஆரம்பித்த மேம்பால வேலையும் அதன் லாரிகளும், சிக்னல் ஹாரனும், நாய்களும் பழகின காதுக்கு ஆய்வகத்தின் நிசப்தம்தான் புதுசாக இருக்கும்.

இப்போது அந்த முக்கியமான விஷயம். கனவுத் தூக்கம் ராத்திரியின் கடைசிப் பகுதியில்தான் அதிகம், ஏறக்குறைய மூன்று மணிக்கு மேல். அந்தக் கட்டத்தில் உடம்பின் சதைகள் மிகவும் தளர்ந்துவிடும். அதனால் தொண்டை அடைப்பும் பிராணவாயு இறக்கமும் பலருக்கு அப்போதுதான் உச்சத்துக்குப் போகும். முதல் பாதியில் சுமாராக இருந்தவருக்கு விடியற்காலை 70 சதவீதம் வரை இறங்கியதை நான் பார்த்திருக்கிறேன். 95-க்கு மேல் இருக்கவேண்டியது அது. நம்மவர்களோ நாலு மணிக்கு பிரம்ம முகூர்த்தம் என்று எழுந்து உட்கார்ந்துவிடுவார்கள். "ஸ்நானம் பண்ணணும், சந்தியாவந்தனம் இருக்கு, கழட்டி விடுங்கோ" என்பார்கள். ஒருவர் நான் வருவதற்குள் தானே எல்லாவற்றையும் பிய்த்து வைத்துவிட்டார். அனுஷ்டானத்தைக் குறை சொல்லவில்லை. ஆனால் எதைப் பார்க்க வந்தோமோ அதைப் பார்க்கும் நேரத்தில் எழுந்தால் ரிப்போர்ட்டில் வியாதி குறைவாகத்தான் தெரியும். உங்கள் வழக்கத்தை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஒன்பது மணிக்கே விளக்கை அணைத்து ஐந்து மணிக்கு விட்டுவிட ஏற்பாடு செய்யமுடியும், நாங்கள் செய்திருக்கிறோம்.

சிலருக்கு முதல் பாதியிலேயே அடைப்பு மிக அதிகமாகத் தெரிந்துவிடும். அப்போது டெக்னீஷியன் எழுப்பி, மூக்கில் ஒரு மாஸ்க் மாட்டுவார். சி-பேப் என்ற இயந்திரம், காற்றை மெல்லிய அழுத்தத்தில் அனுப்பி மூச்சுப் பாதையைத் திறந்தே வைக்கும். 1981-ல் ஆஸ்திரேலியாவில் காலின் சல்லிவன் என்ற டாக்டர் கொண்டுவந்த முறை. ஆரம்பத்தில் வாக்குவம் கிளீனர் மோட்டாரைத் திருப்பி வைத்துத்தான் காற்று ஊதினாராம். நடு ராத்திரி மாஸ்க் மாட்டியதும் "ஆக்ஸிஜன் வைக்கிறா, முடிஞ்சுபோச்சு" என்று பயந்து வீட்டுக்குப் போன் செய்தவர் உண்டு. அது ஆக்ஸிஜன் இல்லை, அறையில் இருக்கும் காற்றேதான். எந்த அழுத்தம் உங்களுக்குச் சரி என்று விடிவதற்குள் பார்த்துவிடலாம். சில இடங்களில் இதற்கு இன்னொரு ராத்திரி வரச்சொல்வார்கள்.

காலையில் எல்லாவற்றையும் கழற்றிவிடுவார்கள். தலையில் பசை மைதாமாவு மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும்; வெந்நீரில் நனைத்தால் போய்விடும். ராத்திரி சரியாகத் தூங்காத அன்று நீங்கள் கார் ஓட்டிக்கொண்டு திரும்ப வேண்டாம், ஆட்டோவில் வாருங்கள். ரிப்போர்ட் உடனே வராது. எட்டு மணி நேரப் பதிவை 30 விநாடிக்கு ஒரு பக்கமாகப் பிரித்தால் 960 பக்கம். ஒவ்வொன்றையும் பார்த்துக் குறிக்கவேண்டும். பிறகு ரிப்போர்ட்டில் ஏ.எச்.ஐ. என்று ஒரு எண் வரும். ஒரு மணி நேரத் தூக்கத்தில் சராசரி எத்தனை தடவை, பத்து விநாடி அல்லது அதற்கு மேல், மூச்சு நின்றது அல்லது குறைந்தது என்ற கணக்கு. ஆறு மணி நேரத் தூக்கத்தில் 180 தடவை என்றால் எண் 30. ஐந்துக்குக் கீழே கவலையில்லை. 15 வரை லேசு, 30 வரை நடுத்தரம், அதற்கு மேல் தீவிரம். இந்த எண்ணை மட்டும் பார்த்து மனசைக் குழப்பிக்கொள்ளாமல், பிராணவாயு எவ்வளவு இறங்கியது என்பதையும் டாக்டரிடம் கேளுங்கள். எல்லோருக்கும் மெஷின்தான் என்பதும் இல்லை. எடை குறைப்பது, ஒருக்களித்துப் படுப்பது, பல் டாக்டர் செய்து தரும் தாடைக் கருவி, சிலருக்கு ஆபரேஷன் என்று வழிகள் உண்டு.

கூட்டத்தில் கேட்ட சில கேள்விகளையும் ஆசிரியர் சேர்க்கச் சொன்னார்.

வீட்டிலேயே செய்யலாமாமே என்று ஒரு மாமா கேட்டார். செய்யலாம். சின்னக் கருவியை விரலிலும் மூக்கிலும் மார்பிலும் மாட்டிவிட்டுப் போவார்கள். மூச்சடைப்பு இருப்பது ஏறக்குறைய நிச்சயமாகத் தெரிகிறவர்களுக்கு அது நல்லது, செலவும் குறைவு. ஆனால் அதில் பெரும்பாலும் மூளை அலை கிடையாது. நீங்கள் விழித்துக்கொண்டு படுத்திருந்த நேரமும் தூக்கக் கணக்கில் சேர்ந்துவிடும், எண் குறைந்து தெரியலாம். வீட்டுச் சோதனையில் ஒன்றுமில்லை என்று வந்தும் தொந்தரவு தொடர்ந்தால் ஆய்வகத்துக்குப் போகத்தான் வேண்டும். இருதயக் கோளாறு, நுரையீரல் வியாதி உள்ளவர்கள் நேராக ஆய்வகத்துக்கே போவது உத்தமம்.

இன்ஷூரன்ஸ் கிடைக்குமா என்று இரண்டு பேர் கேட்டார்கள். பரிசோதனைக்காக மட்டும் அட்மிட் ஆனால் பணம் தருவதில்லை என்று பெரும்பாலான பாலிசிகளில் எழுதியிருக்கும். அதனால் முன்னாலேயே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மத்திய சர்க்காரில் ஓய்வுபெற்று சி.ஜி.எச்.எஸ். அட்டை வைத்திருப்பவர்கள் மெஷினுக்குப் பணம் திரும்பப் பெற விதிகள் இருக்கின்றன; அதற்கு இந்த ரிப்போர்ட்தான் ஆதாரம், பத்திரமாக வைத்திருங்கள்.

பிராணாயாமமும் தியானமும் செய்தால் போதாதா என்று கேட்டார் நம் யோகா வகுப்பு நடத்தும் நண்பர். நிம்ஹான்ஸிலேயே சுதர்சன கிரியா, விபாசனா செய்கிறவர்களை ராத்திரி முழுக்கப் பதிவு செய்து 2006-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். நடுவயதிலும் அவர்களுக்கு ஆழ்ந்த தூக்கம் மற்றவர்களைப்போலக் குறைந்துவிடவில்லை. நல்ல செய்திதான். ஆனால் அது தூக்கத்தின் தரத்தைப் பற்றியது. மூச்சுப் பாதை அடைத்துக்கொள்கிறவர் தியானம் செய்வதோடு பரிசோதனைக்கும் போகட்டும்.

கடைசியாக ஒரு மாமி, "இவருக்கு மெஷின் குடுத்தா. அடுத்த மாசம் காசிக்குப் போறோம், எடுத்துண்டு போகணுமா? நாலு நாள்தானே?" என்றார். எடுத்துக்கொண்டுதான் போகவேண்டும். மெஷின் இல்லாத ராத்திரிகளில் அடைப்பு பழையபடி திரும்பிவிடும். ரயில் பெட்டியின் செல்போன் பிளக்கை நம்பாதீர்கள். அந்த மெஷினுக்கென்றே தனி பேட்டரி விற்கிறார்கள், கரண்ட் போகிற நாட்களில் வீட்டிலும் உதவும். விமானத்தில் போனால் மெஷினைக் கைப்பையில் வையுங்கள், டாக்டர் சீட்டு ஒன்றும் கூட இருக்கட்டும். கீழ் பெர்த்தாகப் பார்த்து டிக்கெட் எடுங்கள்.